வலிமை உள்ளபோதே விடைபெறுதல்

சென்ற மார்கழியில் ஒரு நாள், திருவெம்பாவைச் சொற்பொழிவு நிறைவுற்று, அன்பர்கள் பொங்கல் பிரசாதம் பெற்றுக் கலைந்துகொண்டிருந்த வேளையில், அரசு அலுவலர் ஒருவர் மண்டபத் தூணருகே தயங்கி நின்றார். அகவை ஐம்பத்திரண்டு. மகளுக்கு மணமாகிவிட்டது, மகன் பொருளீட்டத் தொடங்கிவிட்டான், வீட்டுக்கடனும் தீர்ந்தது. "ஐயா, விருப்ப ஓய்வு பெற்றுத் திருக்கோயில் தொண்டில் ஈடுபடலாம் என்று நானும் என் மனைவியும் எண்ணுகிறோம். என் தமையனாரோ, சம்பளம் வரும் எட்டு ஆண்டுகளைக் கைவிடுவது சோம்பேறித்தனம் என்கிறார். நம் பெரியோர் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று வினவினார். அன்று இரண்டொரு சொற்களில் விடை கூறி அனுப்பினேன். அது போதாது என்று பின்னர்த் தோன்றியது. அவரைப் போன்று எண்ணமிடுவோர் பலர் உளர் ஆதலின், அன்று கூறாது விட்டவற்றை இங்கே எழுதுகின்றேன்.

தொல்காப்பியம் பொருளதிகாரத்துக் கற்பியலில் இல்லறத்தின் கடைக்காலத்தைப் பற்றி ஒரு நூற்பா உண்டு. இன்பம் துய்த்து நிறைந்த பிற்காலத்தில், தமக்குக் காவலாய் அமைந்த மக்களோடும், அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடியிருந்து, தலைவனும் தலைவியும் மேலான பொருளைப் பயின்று வாழ்தலே கழிந்த வாழ்க்கையின் பயன் என்பது அதன் கருத்து. இல்லறம் என்னும் மரத்தில் இதுவே கனி என்று தொல்காப்பியனார் கருதுகிறார். அக்கனியைத் தலைவன் தனியே உண்ண அவர் இடந்தரவில்லை என்பதையும் நோக்குக. இருவருக்கும் சேர்த்தே ஓதுகிறார்.

'பயிலுதல்' என்னும் பொருள் இங்கே மிக இன்றியமையாதது. பயிற்சி என்பது ஒருநாளில் முடிவதன்று. ஒரு பதிகத்தைப் பண்ணோடு பிழையறப் பாடுவதற்கே திங்கள்கள் செல்லும். சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களால் ஆயது. ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பாடங்கேட்க ஆண்டுகள் வேண்டும். கண் மங்கி, செவி கேளாமற் போய், நேற்றுக் கற்றது இன்று மறக்கும் காலத்தில் தொடங்கினால் எவ்வளவு பயில இயலும்? மேலான பொருளுக்கு நம் வாழ்நாளின் எச்சத்தை மட்டும் ஒதுக்குவது, விருந்தினருக்குப் பானையின் அடியில் ஒட்டியதைப் படைப்பது போன்றதாகும்.

இதனைத் தெளிவாக உணர்ந்தவர் ஐயடிகள் காடவர்கோன் நாயனார். பல்லவர் குலத்து மன்னர். வடமொழியும் தென்தமிழும் வல்லவர். பிற வேந்தர் பணிந்து ஏவல் செய்ய ஆண்டவர். அவருக்கு அரசில் எக்குறையும் இருந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. குறையேதும் இல்லாதபோதே அவ்வரசை ஓர் இன்னல் என்று கண்டு, தலைச்சுமையை இறக்குவது போல மகன்மேல் இறக்கி வைத்துவிட்டுத் தலயாத்திரை புறப்பட்டார். சென்ற தலந்தோறும் ஒவ்வொரு வெண்பாப் பாடினார். அவற்றுள் 24 வெண்பாக்கள் சேத்திரத் திருவெண்பா என்னும் பெயரால் பதினோராந் திருமுறையில் உள்ளன.

அவ்வெண்பாக்களின் போக்கு ஏறத்தாழ ஒன்றே. முதுமையின் துன்பங்களைக் கூசாமல் எடுத்துரைத்து, அவை வருமுன்னே இன்ன தலத்தை அடை என்று தம் நெஞ்சுக்குச் சொல்லுவார். ஓடியாடும் ஆற்றல் ஒழிந்தால் உறவினர் முகமும் மாறும் என்பார். திருவையாற்று வெண்பாவில் ஒரு சொல்நயம் இருக்கிறது. 'ஐ' என்பது கோழைக்கும் பெயர். கூனிக் கோலூன்றி இருமும் காலத்தில் வாய்வழியே பெருகும் கோழையும் ஓர் 'ஐயாறு'தான். அந்த ஆறு பாயுமுன் இந்த ஐயாற்றை வாயால் அழைத்துவிடு என்கிறார். சிலேடை நகைப்பை வருவிக்கும். சற்று நேரம் கழித்து அச்சத்தையும் வருவிக்கும். முடிதுறந்த மன்னர் நமக்கு விட்டுச்சென்ற அறிவுரை இது: முன்னே புறப்படு.

இனி, அரசுப் பணியிலிருந்து விடுபட்டவர் என்ற முறையில் நமக்கு மிக அணுக்கமானவர் சிறுத்தொண்ட நாயனார். பரஞ்சோதியார் என்பது அவர்தம் இயற்பெயர். திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் மரபில் தோன்றி, ஆயுள்வேதமும் வடநூற்கலைகளும் யானையேற்றம் குதிரையேற்றமும் கற்றுத் துறைபோயவர். மன்னனுக்காகப் படைநடத்திச் சென்று வாதாபி நகரைத் துகளாக்கி, அங்கிருந்த மணிகளையும் நிதிக்குவைகளையும் யானை குதிரைகளையும் கொணர்ந்து அரசன்முன் வைத்தார். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது கி.பி. 642ஆம் ஆண்டளவில் என்பர் வரலாற்றாசிரியர்.

அப்போது நிகழ்ந்ததைச் சேக்கிழார் சொல்லும் அழகே அழகு. மன்னன் அவர் ஆற்றலைக் கண்டு வியக்கிறான். உடனிருந்த அமைச்சர்கள், 'இவர் சிவபெருமானுக்கு அடித்தொண்டு புரிபவர். ஆதலின் இவரை எதிர்ப்பார் இவ்வுலகில் இல்லை' என்கின்றனர். மன்னன் திடுக்கிடுகிறான். இறைவன் அடியாரைக் கொடும்போர் முனையில் விட்டோமே என்று நடுங்கி, 'யான் அறியாமற் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்' என்று இறைஞ்சுகிறான். பரஞ்சோதியாரோ, 'என் மரபுக்குரிய கடமையைத்தானே செய்தேன். இதில் தங்களுக்கு என்ன தீங்கு?' என்கிறார். பணியை அவர் இழிவாகப் பேசவில்லை. தலைவனைக் குறைகூறவுமில்லை. மன்னன் நிதிகள் பலவும் அளித்து, 'உம் உள்ளம் விரும்பும் திருத்தொண்டினை இனித் தடையின்றி ஆற்றுக' என்று விடைகொடுக்கிறான். அவர் வணங்கித் தம் ஊர் திரும்பிக் கணபதீச்சரத்து இறைவரைத் தொழுது, திருவெண்காட்டு நங்கையாரோடு கருத்தொருமித்த மனையறம் நடத்தலானார்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். அவர்தம் திருமகனார் சீராளர் பிறந்தது இதற்குப் பின்னரே. எனவே பரஞ்சோதியார் படைத்தலைமையை விட்டது தள்ளாத வயதில் அன்று. தோள்வலியும் புகழும் உச்சத்தில் இருந்த காலத்தில். இன்னும் எத்தனையோ போர்களுக்குத் தலைமை தாங்கியிருக்கலாம். அதனை விட்டுவந்து அவர் செய்த தொண்டோ, நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணுதல். அரசன் தந்த பொருள் அடியார் பந்திக்கு ஆயிற்று. இன்று நாம் பெறும் ஓய்வூதியமும் இத்தகையதே அன்றோ? முன்னர் உழைத்ததற்காக வருவது. இப்போது ஒருவருக்கும் கைகட்டி நில்லாமல் வருவது. அதில் ஒரு கைப்பிடி அரிசியேனும் அன்னதானத்திற்குப் போகுமாயின், அவர் வழியில் ஓர் அடி வைத்தவராவோம்.

மற்றொன்று, அவர் பெயர். வாதாபியை வென்ற தளபதி அடியார்முன் தம்மை மிகச் சிறியராக்கிக் கொண்டமையால் 'சிறுத்தொண்டர்' எனப்பட்டார். பணியை விட்டாலும் நாற்காலியை விடாதார் சிலரை நான் கண்டிருக்கிறேன். கோயிலுக்குத் தொண்டு செய்ய வருவார்கள். வந்த மூன்றாம் நாளே ஓதுவாருக்கும் பரிசாரகருக்கும் ஆணையிடத் தொடங்குவார்கள். அத்தகையோர் அலுவலகத்திலேயே இருந்திருந்தால் கோயிலுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

பிள்ளையமுது பற்றிய நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழாவாக நடைபெறுவது. அதனை ஈண்டு விரிக்கவில்லை.

விடைபெறும் முறை பற்றியும் ஒரு சொல். மாணிக்கவாசகப் பெருமானும் அமைச்சுப் பதவியைத் துறந்தவரே. ஆனால் குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசன் பொருள் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவாகிவிட்டது, கணக்கு நேராகவில்லை. அதனால் அவர் வைகை மணலில் வெயிலில் நிற்கவும், நரி பரியாகவும், வைகை பெருகவும், இறைவனே வந்திக்குக் கூலியாளாகி மண் சுமந்து பிரம்படி படவும் நேர்ந்தது. திருவிளையாடற் புராணம் இவற்றை விரித்துரைக்கும். வாதவூரடிகளுக்காக ஆலவாய் அண்ணல் வந்தார். நமக்குத் தணிக்கையாளர் மட்டுமே வருவார். ஆகவே கோப்புகளை ஒப்படைத்து, கடனைத் தீர்த்து, பெற்றோர்க்கும் மக்களுக்கும் செய்ய வேண்டியவற்றை முடித்து, இல்லத்தாரின் மனமார்ந்த இசைவோடு விலகுதலே இல்லறத்தார்க்கு ஏற்ற நெறி. திருமணத்திற்கு நிற்கும் பெண்ணும், வட்டி ஏறும் கடனும் வீட்டிலிருக்க, 'சிவப்பணி' என்று சொல்லி வேலையை விடுவது தொண்டன்று. அவர்களுக்கு அவ்வேலையே தொண்டு.

சோம்பேறித்தனம் என்னும் பழிக்கும் விடை கூறவேண்டும். சம்பளத்தை விடுதல் வேறு. உழைப்பை விடுதல் வேறு. அப்பர் பெருமான் உழவாரப் படையைக் கையினின்றும் இறுதிவரை கீழே வைத்ததில்லை. அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. ஓய்வு பெற்றபின் காலை முழுவதும் செய்தித்தாளும் மாலை முழுவதும் தொலைக்காட்சியுமாக இருப்பவரைக் குறித்துத் தமையனார் அவ்வாறு சொல்லியிருந்தால் அவரோடு யானும் உடன்படுவேன். ஆனால் ஐம்பது வயதினர் ஒருவர் உழவாரத்தோடு மதிற்சுவர் ஏறி அரசங்கன்றை வேரோடு களைவார். அறுபத்தைந்தில் கீழே நின்று அதோ என்று காட்டத்தான் முடியும். வேர் ஊன்றி விமானத்தின் கல் பிளந்த பின்னர்த் திருப்பணி நிதி திரட்டுவதைக் காட்டிலும், உரிய காலத்தில் ஒருவர் களைந்துவிடும் செடி பெரிது. தேவார வகுப்பு எடுப்பதற்கும் குரல் உடையாதிருக்க வேண்டும். உடல்நலம், உறக்கம், பேரப்பிள்ளைகளோடு இருத்தல், விட்டுச்செல்லும் இடத்தில் ஓர் இளைஞர் அமர்தல் முதலிய நன்மைகள் தாமே வந்து சேரும். அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழக அரசு அலுவலர்க்கு ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஐம்பது அகவை நிறைந்தவரோ, ஓய்வூதியத்திற்குரிய பணிக்காலம் இருபது ஆண்டு முடித்தவரோ, மூன்று திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெற விதி இடந்தருகிறது. அன்றைய மன்னன் கொடுத்ததை இன்று விண்ணப்பத்தின் வழியே பெறுகிறோம், அவ்வளவே வேறுபாடு.

இவ்வளவும் எழுதுகின்ற யான் என்ன செய்தேன் என்று அந்த அன்பர் கேட்கவில்லை. கேட்டிருப்பின் தலைகுனிந்திருப்பேன். எனக்கு ஐம்பது அகவை நிறைந்தபோது என் இல்லத்தார் ஒன்றே ஒன்று வேண்டினார். திருவையாற்றுச் சித்திரைத் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கோடு ஏழூர் வலம் வரவேண்டும். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று ஊரூராய் நடந்து மீண்டும் ஐயாற்றுக்கு வந்து, பூப்போடும் பொம்மையைக் காணவேண்டும் என்பது அவர் ஆசை. சித்திரையில் எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி இருக்கும். 'ஓய்வு பெற்ற பின் ஆண்டுதோறும் போவோம்' என்றேன். விருப்ப ஓய்வு பெறலாம் என்று அவரே ஒருமுறை சொன்னார். பதவி உயர்வு வரவிருக்கிறதே என்றேன். அது வந்தது. பதினொரு திங்கள் அந்த நாற்காலியில் இருந்தேன்.

2006இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டுச் சித்திரையில் புறப்பட்டோம். அதற்குள் அவருக்கு முழங்கால் மடக்க முடியாத வாதம். நடக்க இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருக்கண்டியூருக்குப் பேருந்தில் சென்று, தண்ணீர்ப்பந்தலின் நிழலில் ஒரு பலகைமேல் அவரை அமர்த்தினேன். பல்லக்கு வந்தது, எம்மைக் கடந்து சென்றது. உடன் நடக்கும் கூட்டத்தில் ஐம்பது வயதுத் தம்பதியர் பலர் இருந்தனர். நான் அவர் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். அவரோ கைகூப்பியபடியே, "நடக்கத்தானே முடியவில்லை, ஐயாறா என்று கூப்பிட முடிகிறதே" என்றார். சேத்திரத் திருவெண்பாவை அவர் என்னிடம் பாடங்கேட்டவரல்லர். அடுத்த சித்திரைக்கு அவர் இல்லை.

அந்த அன்பர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். இம்முறை மனைவியாரும் உடன் வந்தார். தமையனார் இன்னும் இசையவில்லையாம். விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறார். நாள் மட்டும் இடவில்லை. வெள்ளிதோறும் மாலையில் இருவருமாய் வருவதாகவும், ஐயடிகள் காடவர்கோன் பாடல்களை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டனர். முதல் வெண்பாத் தில்லையைப் பற்றியது. அதனைத் தொடங்கியிருக்கின்றோம்.