வங்காரவள்ளை நடப் போகிறவர்களுக்கு

சோளகம் தணிந்துவிட்டது. ஒக்டோபர் மழை விழமுன், உவர்மண்ணிலிருந்து உப்பை எடுக்கும் வங்காரவள்ளைச் செடியை நட்டு முடியுங்கள். வாடை தொடங்கிய பிறகு வந்து கேட்காதீர்கள்.

கைவிட்ட இறால் குளங்களின் அடி, அவற்றின் அணை, களப்பு நீர் ஏறி வெள்ளை பூத்துக் கிடக்கும் களித்தரை. வங்காரவள்ளை நடவேண்டிய இடங்கள் இவைதான். மணல் தோட்டத்தில் உவர்க்கிணற்று நீர் இறைத்து ஏறிய உப்பென்றால் இந்தப் பாடே வேண்டாம். வரம்பு கட்டி மழையை மறித்தால் அந்த நீரே உப்பைக் கீழே இறக்கிவிடும். கடற்பக்க மணல்மேட்டுக்கு அடம்பனும் இராவணன் மீசையும் போதும்.

களப்போரத்தில் ஒரு சாண் தண்டாக வெட்டி எடுங்கள். வேரோடு பிடுங்கினால் கரை அரிக்கும். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். ஓரடி இடைவெளி. வேர் பிடிக்கும்வரை ஈரம். பசளை வேண்டாம். ஆடும் கழுதையும் புகாமல் வேலி.

நடுகை இவ்வளவுதான். இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள்.

இந்தச் செடி உப்பை அழிப்பதில்லை. மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் தடித்த இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கிறது. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு ஹெக்டேயரில் 4 மாதத்தில் வங்காரவள்ளை எடுத்த உப்பு 474 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஒன்பதுக்கு மேல். நம் மண்ணில் கூடலாம், குறையலாம். ஆனால் அவ்வளவும் செடிக்குள்தான் இருக்கும். மாசியில் வெட்டி, வரம்பைத் தாண்டி வெளியே கொண்டுபோனால்தான் அது நிலத்தை விட்டுப் போனதாகும்.

போன வருடம் என்ன செய்தீர்கள்? பச்சையாக இருக்கிறதே என்று சிலர் அங்கேயே உழுது புதைத்தார்கள். இன்னும் சிலர் அள்ளிவந்து வெங்காயப் பாத்திக்கு மூடாக்குப் போட்டார்கள். வெங்காயம் உப்பைச் சற்றும் தாங்காத பயிர். தாள் நுனி கருகியதைக் கண்டு நோயென்று மருந்தடித்தார்கள், கருகல் நிற்காததால் யூரியாவும் போட்டார்கள். கடன்பட்டு வாங்கிய விதை வெங்காயம் போனதுதான் மிச்சம்.

ஆகவே மறுபடி சொல்கிறேன். உழாதீர்கள். மூடாக்காகப் போடாதீர்கள். கூட்டெருக் கிடங்கிலும் போடாதீர்கள், மக்கினாலும் உப்பு உப்புத்தான். வரம்போரம் குவித்து வைப்பதும் கூடாது, ஒரு மழையில் எல்லாம் திரும்பி வந்துவிடும். முற்றி உதிரும் இலையும் உப்பைத் தரைக்கே கொடுக்கும், அதனால் வெட்டும் நாளைத் தள்ளாதீர்கள். வெட்டியதை, பயிர் செய்யாத களப்போர உவர்த்தரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

இளந்தளிரைச் சமைக்கலாம். அவித்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் நல்ல கறி. அந்த நீரைக் கத்தரிக் கன்றுக்கு ஊற்ற வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டித்தான் இருக்கிறது! இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உண்ணக் கூடாது. இறால் பண்ணைக் கழிவுவாய்க்காலிலும் மருந்தடிக்கும் தோட்ட ஓரத்திலும் கீரைக்கென்று பறிக்காதீர்கள். ஆட்டுக்குக் கொஞ்சமாக, வேறு தீனோடு கலந்து, பக்கத்தில் நல்ல தண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

அள்ளிச் செல்ல உழவு இயந்திரத்துக்கும் ஆளுக்கும் இப்போதே பேசி வையுங்கள். அதற்கு வழியில்லாதவர்கள் இந்தப் பெரும்போகத்தில் வங்காரவள்ளை நட வேண்டாம்.