பாசிட்டிவ் என்றால் நோய் உறுதியா?

இந்த மாதம் விலங்கியலும் கணக்கும் சேர்ந்த ஒரு விஷயத்தைப் பார்ப்போம். பூனை வளர்க்காதவங்களும் படிக்கலாம். ஏன்னா இதில் வரும் கணக்கு மனிதர்களுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பொருந்தும்.

நோய் என்ன?

பூனைகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. பெயர் ஃபீலைன் லுகேமியா வைரஸ். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 1964-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இது ரெட்ரோவைரஸ் வகை. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, பூனையின் செல்லில் உள்ள டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடும்.

இதனால் இரத்தசோகை வரலாம், எதிர்ப்புச் சக்தி குறையலாம், புற்றுநோயும் வரலாம். பூனைகள் ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கடிப்பது ஆகியவற்றால் எச்சில் வழியாகப் பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் வரும். மனிதர்களுக்கு வராது. தடுப்பூசி உண்டு. முழுவதும் குணமாக்கும் மருந்து இல்லை.

சோதனை எப்படி நடக்கிறது?

இந்த வைரஸில் பி27 என்று ஒரு புரதம் இருக்கிறது. எலிசா முறையில் வேலை செய்யும் சின்ன டெஸ்ட் கிட்டில் சில சொட்டு இரத்தமோ சீரமோ விடுவார்கள். புரதம் இருந்தால் நிறம் மாறும். சுமார் பத்து நிமிடத்தில் ரிசல்ட் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் எழுந்த சந்தேகம்

எங்க பூனை போட்ட குட்டி ஒன்றைச் சித்தி கேட்டிருந்தாங்க. அவங்க வீட்டில் ஏற்கனவே மூன்று பூனைகள் இருப்பதால் முதலில் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. ஒரு கிளினிக்கில் எடுத்தோம். பாசிட்டிவ்! குட்டியோ நல்லா சாப்பிட்டுத் துள்ளி விளையாடிக்கிட்டு இருந்துச்சு. "மத்த பூனைக்கும் பரவிடும், ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அம்மா உடனே வேறொரு கால்நடை மருத்துவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாங்க. நான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் இதோ:

நான்: டாக்டர், டெஸ்ட் தப்பா சொல்லுமா?

டாக்டர்: சொல்லும்மா. நல்ல கிட்தான், ஆனா நூத்துக்கு நூறு சரியா சொல்ற டெஸ்ட் எதுவுமே கிடையாது. சிவப்பணு உடைஞ்ச இரத்தம், சரியா கழுவாத கிட், சொன்ன நேரத்துக்கு அப்புறம் பார்க்கிறது, இப்படிப் பல காரணத்தால தப்பு வரும்.

நான்: குட்டிங்கறதால தாயோட எதிர்ப்பொருள் கலந்து தப்பா காட்டியிருக்குமா?

டாக்டர்: நல்ல கேள்வி. இந்த டெஸ்ட் தேடுறது எதிர்ப்பொருளை இல்ல, வைரஸோட புரதத்தை. அதனால எந்த வயசுலயும் எடுக்கலாம். முன்னாடியே தடுப்பூசி போட்டிருந்தாலும் ரிசல்ட் மாறாது. சரி, தாய்க்கு எடுத்தீங்களா?

அன்றே தாய்க்கும் எடுத்தோம். நெகட்டிவ். "குட்டி வெளியே போகல, தாய்க்கும் இல்ல. அப்போ இந்த பாசிட்டிவை நான் உடனே நம்ப மாட்டேன்" என்றார் டாக்டர். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

டாக்டர் போட்ட கணக்கு

இவை எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள். 1000 பூனைகளில் 10 பூனைகளுக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100-ல் 90-ஐ டெஸ்ட் கண்டுபிடிக்கும். நோய் இல்லாத 100-ல் 98-க்குச் சரியாக நெகட்டிவ் காட்டும், 2-க்கு மட்டும் தவறாக பாசிட்டிவ் காட்டும்.

நோய் உள்ள 10-ல் பாசிட்டிவ்: 9
நோய் இல்லாத 990-ல் தவறான பாசிட்டிவ்: சுமார் 20
மொத்த பாசிட்டிவ்: 29
உண்மையில் நோய் உள்ளவை: 29-ல் 9 மட்டுமே!

அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "98 சதவீதம் சரி" என்றால் பாசிட்டிவ் வந்த பூனைக்கு 98 சதவீதம் நோய் என்று அர்த்தமில்லை. நம் கணக்குப் பாடத்தில் வரும் பேய்ஸ் தேற்றம் இதுதான். தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு 1763-ல் அச்சான அந்தக் கட்டுரை, இன்று ஒரு பூனைக்குட்டியைக் காப்பாற்ற உதவுகிறது!

அப்போ என்ன செய்வது?

இன்னொரு டெஸ்ட், அதுவும் வேறு முறையில். அதே காரணத்தால் அதே கிட் மறுபடியும் ஏமாறலாம் என்பதால் பி.சி.ஆர். முறைக்கு இரத்தம் அனுப்பச் சொன்னார். அது பூனையின் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதுவரை குட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். வெளியே காய்ந்த இடத்தில் இந்த வைரஸ் நெடுநேரம் தாங்காது.

நெகட்டிவையும் கண்மூடி நம்பக் கூடாதாம். வைரஸ் புகுந்த புதிதில் புரதம் இரத்தத்தில் தெரியாது. நோயுள்ள பூனையோடு பழகியிருந்தால் 30 நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சில பூனைகளின் உடம்பே வைரஸை அடக்கிவிடும். அப்போது முதல் பாசிட்டிவ் பின்னால் நெகட்டிவாக மாறும்.

நினைவில் கொள்க

1. நோய் அரிதாக உள்ள இடத்தில், ஆரோக்கியமாகத் தெரியும் பூனைக்கு வரும் பாசிட்டிவைக் கட்டாயம் உறுதிசெய்ய வேண்டும்.
2. நோய் அறிகுறி உள்ள பூனைக்கு அதே பாசிட்டிவ் வந்தால் நம்பகம் அதிகம்.
3. நோய் உறுதியானாலும் உடனே கொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள் வைத்து நன்றாகப் பராமரித்தால் சில பூனைகள் பல ஆண்டுகள் வாழும். பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து உயிரை எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது.
4. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டால்தான் விளக்கம் கிடைக்கும்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி: 1000 பூனைகளில் 10-க்குப் பதில் 200-க்கு நோய் இருந்தால், பாசிட்டிவ் வந்தவற்றில் எத்தனை சதவீதம் உண்மை? போட்டுப் பார்த்து விடையைக் கீழே உள்ள வெற்றுத் தாளில் எழுதுங்கள். விடை 90-ஐத் தாண்டினால் உங்கள் கணக்கு சரி!

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி