பன்னிரண்டாவது தடவை உருட்டின டைஸ்



இந்தக் கிழமை எபிசோட் முடியும்போது, "ஒரு அளாப்பிக் கதை இருக்கு, எழுத்தில சொல்லுறன்" என்று சொன்னேன். (அளாப்புறது என்றால் விளையாட்டில் ஏமாற்றுவது. தமிழ்நாட்டு நண்பர்கள் 'அழுகுணி ஆட்டம்' என்பார்கள்.) அளாப்பினது வேற யாரும் இல்லை, நான்தான்.

த்ரீ கிங்ஸில், பிக் கிங் மலை தெரியிற ஒரு வீட்டுக் கராஜில், ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் விளையாடுவோம். புதுக் கதை தொடங்கிய அன்று எல்லாரும் மேசையில் டைஸ் உருட்டி, தங்கட பாத்திரத்தின் பலம், வேகம், அறிவு மாதிரி ஆறு திறன்களுக்கு எண் எடுத்தார்கள். எனக்கு அன்று வேலை. வீட்டிலிருந்து உருட்டி, குரூப்பில் படம் போட்டேன்: 18, 16, 15, 14, 12, 11.

படம் பொய் இல்லை. ஆனால் அது நான் உருட்டின பன்னிரண்டாவது செட். முதல் பதினொன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் சித்தியின் மகள் எல்லாருக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை உருட்டினாள். 13, 12, 11, 11, 9, 8. சிரித்துக்கொண்டே எழுதி வைத்தாள். மூன்று மாதம் கழித்து, "எனக்கு ராசியே இல்லை அண்ணா. நீங்கள் விளையாடுங்கோ, நான் இனி வரேல்லை" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கணக்கைப் பார்ப்போம்

எங்கட விதி இது: நாலு ஆறுபக்க டைஸை உருட்டு, குறைந்த ஒன்றை விடு, மிச்ச மூன்றைக் கூட்டு. இப்படி ஆறு தடவை.

நாலு டைஸ் 1296 விதமாக விழலாம். 18 வர வேண்டுமென்றால் குறைந்தது மூன்று ஆறு வேண்டும். நாலும் ஆறாக விழுவது 1 விதம். மூன்று ஆறும் வேறு ஒரு எண்ணும் விழுவது 4 × 5 = 20 விதம். மொத்தம் 21. அதாவது 1.6 சதவீதம்.

ஆறு எண் கொண்ட ஒரு செட்டில் ஒரு 18 ஆவது வரும் வாய்ப்பு 9.3 சதவீதம். பன்னிரண்டு செட் உருட்டினால்? 69 சதவீதம்! என்னுடைய 18 அதிர்ஷ்டமே இல்லை. உருட்டிக்கொண்டே இருந்தால் எப்படியும் வரக்கூடிய ஒன்று.

இப்போது அவளுடைய செட். இந்த முறையில் ஒரு திறனின் சராசரி 12.24, ஆறின் கூட்டுத்தொகை சராசரி 73.5. அவளுக்கு வந்தது 64. பத்துப் பேரில் ஒருவருக்கு இந்த அளவுக்கோ இதைவிடக் குறைவாகவோ வரும். சாதாரண விஷயம். ஆனால் பக்கத்தில் என்னுடைய 86 இருந்ததால், அவளுக்கு அது தன் தலைவிதி மாதிரித் தெரிந்தது.

ஐந்தாம் பதிப்பில் 18க்கு +4, 13க்கு +1. அந்த மூன்று எண் வித்தியாசம், 20 பக்க டைஸில் ஒவ்வொரு முயற்சிக்கும் 15 சதவீதப் புள்ளி. நான் வெட்டினால் விழும், அவள் வெட்டினால் தவறும். மூன்று மாதமாக.

திரும்ப உருட்டினால் அது அளாப்பா?

இல்லை. 1974 இல் வந்த முதல் பதிப்பில் வீரர் உருட்டுவதே இல்லை, நடுவர்தான் மூன்று டைஸ் உருட்டுவார். 1979 இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் நாலு முறைகள் உண்டு. அதில் ஒன்று: மூன்று டைஸால் பன்னிரண்டு பாத்திரங்களுக்கு உருட்டி, பிடித்த ஒன்றை எடு. பன்னிரண்டில் ஒன்று! நான் செய்த அதே வேலை மாதிரித்தானே? ஆனால் அங்கே அது மேசைக்கே தெரிந்த விதி, எல்லாருக்கும் அதே பன்னிரண்டு.

1998 இல் வந்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டில் ரீரோல் பட்டனே இருந்தது. தனியாக விளையாடும்போது ஆயிரம் தடவை அமத்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. மேசையில் இன்னொருவர் இருக்கும்போது, மறைத்த பதினொரு செட்டும் அவருடைய கணக்கில்தான் விழும்.

வீட்டிலிருந்து நேர்மையாக உருட்டுவது எப்படி?

இதற்கு 1981 இலேயே மனுவேல் ப்ளூம் என்ற கணினி அறிஞர் ஒரு வழி எழுதினார். விவாகரத்தான இருவர், வேறு வேறு ஊர். கார் யாருக்கு என்று தொலைபேசியில் காசு சுண்ட வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள். எப்படி?

அந்த யோசனையை வாட்ஸ்அப்புக்கு இப்படி மாற்றலாம்:

1. நான் 1 முதல் 6 வரை ஒரு எண்ணை நினைத்து, அதோடு நீளமான ஒரு கண்டபடி எழுத்துவரிசையைச் சேர்த்து, அதன் ஷா-256 ஹாஷை மட்டும் குரூப்பில் போடுவேன்.
2. நீங்கள் உங்கட எண்ணை வெளிப்படையாகப் போடுங்கோ.
3. பிறகு நான் என் எண்ணையும் எழுத்துவரிசையையும் காட்டுவேன். ஹாஷ் பொருந்துதா என்று யாரும் பார்க்கலாம்.
4. இரண்டு எண்ணையும் கூட்டுங்கோ. 6ஐத் தாண்டினால் 6ஐக் கழியுங்கோ. அதுதான் டைஸ்.

எழுத்துவரிசை ஏன்? அது இல்லாவிட்டால் ஆறே ஆறு ஹாஷ்தான். போட்டுப் பார்த்து என் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இன்னொன்று: முடிவு பிடிக்காமல் நான் மூன்றாவது படியில் காட்ட மறுத்தால், அந்த டைஸ் 1 என்று முதலே பேசி வையுங்கோ. மொத்தம் 24 டைஸ் என்பதால், 24 எண்களையும் ஒரே வரியில் அனுப்பினால் போதும்.

பிறகு என்ன நடந்தது?

அடுத்த ஞாயிறு மேசையில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே எண்களுக்கு மாறினோம்: 15, 14, 13, 12, 10, 8. புத்தகத்திலேயே உள்ள செட் அது, டைஸே தேவையில்லை.

தங்கச்சிக்குத் தனியாகப் போன் எடுத்தேன். "அப்ப எனக்கு ராசி இல்லாமல் இல்லை, என்ன?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மூன்று மாதம் அண்ணா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு கிழமை கழித்து வந்தாள். இப்போது மேசையில் டைஸ் பை அவளிடம்தான் இருக்கு.

இந்தக் கிழமை வீட்டுவேலை: நாலு டைஸை எடுத்துப் பன்னிரண்டு செட் உருட்டி, எல்லாவற்றையும் எழுதுங்கோ. முதல் செட்டையும் ஆகச் சிறந்த செட்டையும் எங்களுக்கு அனுப்புங்கோ. இரண்டையும்தான்!