தாளம் ஓடாத வேகம்

ஏனாத்தூரில் மிருதங்கம் பயிலும் இளம் கலைஞருக்கு,

விரைந்து வாசிப்பவரைப் புகழும்போது தமிழ்ப் பேச்சிலும் இயல்பாக வந்துவிடும் ‘ஃபாஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கத்தில் விரைவு என்ற பொருளே இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது உறுதியானது, அசையாதது என்பதையே குறித்தது. ‘உறுதியாக’ என்று வழங்கிய அதன் வினையடை, ‘முழு வலிமையோடு’ என விரிந்து, வலிமையோடு ஓடுவதைச் சொல்லப் பயன்பட்டு, அதன் வழியே விரைவைச் சுட்டலாயிற்று என்பர் சொற்பிறப்பியலார். பழைய பொருளும் மறைந்துவிடவில்லை. துணிக்கடைகளில் சாயம் போகாத நிறத்தை ‘ஃபாஸ்ட் கலர்’ என்று சொல்லும்போது பேசப்படுவது அந்த உறுதிதான். தமிழிலும், இதனோடு எவ்விதத் தொடர்பும் இன்றி, தொல்காப்பியத்தின் உரியியல் ‘கடி’ என்ற ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களில் காப்பையும் விரைவையும் சேர்த்தே சொல்கிறது.

மிருதங்கக் கலைஞருக்கு இது வெறும் அகராதிச் செய்தி அன்று. எடுத்துக்கொண்ட வேகத்தை இறுதிவரை கூட்டாமலும் குறைக்காமலும் காப்பதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர். முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சொல் எனக் கொண்டால், இரண்டாம் காலத்தில் இரண்டும் மூன்றாம் காலத்தில் நான்கும் அதே இடைவெளிக்குள் அடங்க வேண்டும். சொற்கள் நெருங்குகின்றனவே தவிர, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகள் சிறிதும் நெருங்குவதில்லை. தாளத்தையும் சேர்த்து ஓட்டிவிட்டு அதை மூன்றாம் காலம் என்று கருதுவதே பயில்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. கைதட்டல் அந்தப் பிழையை மறைத்துவிடுவதால் அது மேலும் கேடானது.

ஏனாத்தூருக்கு அருகிலுள்ள காஞ்சிபுரத்திலேயே காலப்பிரமாணத்துக்குப் பெரிய முன்னோடி உண்டு. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, லய நுட்பத்துக்கும் பல்லவிக்கும் பெயர்பெற்ற பாடகர்; மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பல பக்கவாத்தியங்கள் சூழ அவர் பாடிய கச்சேரிகள் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள் எனப்பட்டன. கொன்னக்கோல் என்பது தாளச் சொற்களை வாயால் ஒலிக்கும் கலை. அத்தனை பேர் சூழ்ந்து வாசிக்கும் மேடையில், பாடுபவரின் காலப்பிரமாணம் ஒரு கணம் தளர்ந்தாலும் பல்லவி சிதைந்துவிடும்.

ஆகவே இளம் கலைஞர் எந்தப் பாடத்தையும் வாத்தியத்தில் தொடும் முன் கையால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழக வேண்டும். மூன்றாம் காலம் முடிந்ததும் நிறுத்தாமல் முதற்காலத்துக்குத் திரும்பி, தொடங்கிய வேகம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் அந்தப் பாடம் இன்னும் மேடைக்கு ஆகவில்லை.