நிற்கும் காலைப் பார்



மகளே, சித்தப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கையுறையில் விரலுக்கு ஒன்றாக ஐந்து வளைவு சென்சார், மணிக்கட்டில் ஒரு போர்டு, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கணுக்கால் இரண்டிலும் ஒவ்வொன்று. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர் உடம்பை அசைத்தாலே இசை வரும், இதுதான் கடைசி வருஷ புராஜெக்ட் என்கிறாய். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் முன்னுரை. அசைவை ஒலியாக்கும் கருவிகள் மேல்நாட்டில் தொடங்கின என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. நம் பக்கத்துத் தேவராட்டக்காரர்கள் காலில் கட்டும் சலங்கை என்னவாம்? பட்டையில் வரிசையாகக் கோத்த மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் உருளும் ஒரு குண்டு. பேட்டரி கிடையாது, தாமதம் கிடையாது. அதில் ஒரே தொல்லை, எல்லாவற்றுக்கும் ஒலித்துத் தொலைக்கும். நடந்தாலும் ஒலிக்கும், கொசு கடித்துக் காலை உதறினாலும் ஒலிக்கும். தேவராட்டத்தில் பாட்டு இல்லை. தேவதுந்துபி மேளத்தின் அடிக்குத்தான் கால் மாறுகிறது. அடுத்த தடவை கோயில் கொடையிலோ பொங்கலிலோ பார்க்கக் கிடைத்தால், மிதிக்கும் காலை விட்டுவிட்டு நிற்கும் காலைப் பார். அந்தக் கால் சத்தமில்லாமல் நிற்பதால்தான் மற்றதன் தாளம் துல்லியமாகக் காதில் விழுகிறது. ஆட்டக்காரர் வருஷக்கணக்கில் பழகியது அதில் பாதி.

உன் சென்சாருக்கும் அதே தொல்லைதான். அசைவை உணர நீ வாங்கியிருக்கும் எம்பியு 6050 சிப், சும்மா மேசையில் கிடந்தாலும் புவியீர்ப்பை அளந்து எண்ணாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு, நடுக்கம், ஜாக்கெட் உரசல் எல்லாம் அதற்கு அசைவுதான். அத்தனையையும் ஒலியாக்கினால் கூட்டம் இரண்டு நிமிஷம் வியந்து பார்க்கும், மூன்றாம் நிமிஷம் டீ குடிக்கப் போய்விடும். எந்த அசைவுக்கு ஒலி வரக் கூடாது என்று முடிவுகட்டுவதுதான் உன் வேலை. நோட்டில் அந்தப் பட்டியலை முதலில் எழுது. மிச்சம் இருப்பதற்கு மட்டும் சென்சார் வை.

என்னைக் கேட்டால் காலிலிருந்து தொடங்கு. குதிகாலுக்கு அடியில் அதிர்வை உணரும் ஒரு பீஸோ தட்டு போதும், சில ரூபாய்தான். ஒரு மிதிக்கு அது ஒரு தரம் சொல்லாது. நடுங்கி நாலைந்து தரம் சொல்லும். முதல் அடி வந்ததும் 50 மில்லி செகண்ட் வேறெதையும் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் எழுதிவிடு. அதைவிட வேகமாக ஒரே காலால் எவரும் மிதிக்கப்போவதில்லை. அடியின் பலத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கட்டும். மெல்ல வைத்த காலுக்கு மெல்லிய ஒலி வந்தால்தான் ஆடுகிறவர் அதைத் தன் கால் என்று நம்புவார்.

அடுத்தது தாமதம். பட்டாசுத் திரியின் நீளத்தைப் பார்த்தே எத்தனை நொடியில் வெடிக்கும் என்று சொல்லிவிடுகிற ஊர்க்காரி நீ. உன் கருவிக்கும் ஒரு திரி உண்டு: கால் தரையில் படுவதற்கும் ஸ்பீக்கர் ஒலிப்பதற்கும் இடையில் ஓடுவது. அது 10 மில்லி செகண்டுக்குள் இருந்தால் காலே ஒலிப்பதாகத் தோன்றும். புளூடூத் ஸ்பீக்கரில் 100, 200 என்று சாதாரணமாக இழுக்கும். நிமிஷத்துக்கு 120 அடி போகும் ஆட்டத்தில் ஓர் அடிக்கு 500 மில்லி செகண்ட். அதில் கால்வாசி 125. கணக்கைப் போட்டுப் பார், ஒலி எங்கே போய் விழுகிறது என்று தெரியும். ஸ்பீக்கருக்கு வயரே போடு. பார்க்க அழகில்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கையுறையை விட மனசில்லை என்றால் இசைக் கலைஞர் லெட்டீசியா சோனாமியைப் பற்றித் தேடிப் படி. 1991இல் அவர் செய்த முதல் கையுறை அடுக்களையில் பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் உறை. விரல் நுனிகளில் காந்தத்தை உணரும் சென்சார்கள், மறு கையில் காந்தம், அவ்வளவுதான். அதையே மெருகேற்றி மெருகேற்றிப் பல வருஷம் மேடையில் வாசித்தார். ஆம்ஸ்டர்டாமில் மிஷேல் வைஸ்விஸ் 1984இல் தன் கைக்கருவியைக் கொண்டுவந்தார். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி வேறு: கருவியைத் திருத்துவதை நீண்ட காலம் அப்படியே நிறுத்திவிட்டு, வாசித்துப் பழகுவதிலேயே இறங்கிவிடுவார். உனக்கு அந்தப் புத்தி வர வேண்டும். வாரத்துக்கு ஒரு சென்சார் சேர்க்கிற கருவியில் எந்தக் கையும் தேறாது. நீ யூடியூபில் பார்த்த பாடகி இமோஜன் ஹீப்பின் மி.மு கையுறைக்குப் பின்னால் ஒரு குழுவே வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறது. உனக்கு இருப்பது ஒரு செமஸ்டர்.

மின்சாரம் கடத்தும் நூல் ஆன்லைனில் விலை அதிகம் என்று அலுத்துக்கொண்டாய். அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஜரிகையை மல்டிமீட்டரில் வைத்துப் பார். நிஜ உலோக இழை என்றால் கடத்தும்; பளபளக்கும் பிளாஸ்டிக் ஜரிகை கடத்தாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1990களின் பிற்பாதியில் எம்ஐடி மீடியா லேபில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் குழுவினர் துணியில் சர்க்யூட் செய்யப் பயன்படுத்தியவற்றில், மெல்லிய செம்புத் தகடு சுற்றிய பட்டிழையால் நெய்த இந்தியத் துணியும் ஒன்று. அதே ஆட்கள்தான் நெஞ்சுப் பக்கத்தில் விசைப்பலகையைப் பூவேலையாகத் தைத்து ஒரு இசை ஜாக்கெட்டும் செய்தார்கள். துணியில் தைக்கும்போது ஒன்றைக் கவனி: ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தை ஒட்டித்தான் வயர் அறும். அங்கே ஒரு தையல் கூடுதலாகப் போட்டு இழுவையைத் துணி தாங்கும்படி செய். வியர்வையையும் மறந்துவிடாதே. வைகாசி வெயிலில் ஆடிப் பார்க்காத கருவியைத் தேறியது என்று சொல்ல முடியாது.

இனிச் சொல்வதை இரண்டு தரம் படி. உன் கருவியில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அம்மா வேலைக்குப் போகும் பயராபீஸ் (பட்டாசு ஆலை) பக்கம் அதைக் கொண்டுபோகாதே. அம்மாவின் கூட்டாளிகளிடம் காட்டிவிட்டு வரலாம் என்றுகூடப் போகாதே. பட்டாசு மருந்து புழங்கும் இடத்தில் செல்போன் ஆகாது, நைலான் சேலை ஆகாது, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எதற்கு வைத்திருக்கிறார்கள்? வீட்டிலும் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதே. உங்கள் ஊர் தாயில்பட்டியில் எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லூரி லேபில் ஏற்றிக்கொள்.

ஒரு காலுக்கு மட்டும் செய்து, உங்கள் கல்லூரி ஒயிலாட்டக் குழுவில் ஒரு பிள்ளைக்குக் கட்டிவிடு. எங்கே இடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று அவள் சொல்வதை எழுதிக்கொள். கைடு சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் ஆடும்போது நீ ஸ்பீக்கரைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே ஆடினால் கருவி இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

பேட்டரியில் மட்டும் மலிவு பார்க்காதே. பாதுகாப்பு சர்க்யூட் வைத்ததாக மதுரையில் நானே வாங்கி வைக்கிறேன். உன் அப்பா அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன். பணத்தைப் பற்றி அவரிடம் பேச்சு எடுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா