ஹைக்கூ எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கவிதைகளைப் படித்தேன். முதல் இரண்டு அடியில் நிலவோ வறுமையோ வருகிறது. மூன்றாவதில் தவறாமல் ஒரு குத்து. பத்திரிகைத் துணுக்கு எழுதுபவர்கள் இதை உன்னைவிட நன்றாகவே செய்வார்கள்.

தப்பு உன்னுடையது மட்டுமல்ல. 1916-இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய நாள்முதல் நாம் வியந்து வருவது அதன் சுருக்கத்தைத்தான். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

பலர் கூடி மாறி மாறித் தொடுக்கும் ரெங்கா என்ற தொடர்கவிதையின் முதல் கண்ணியாகப் பிறந்தது அந்தக் குறுங்கவிதை. தனித்து நிற்பதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் மசவோகா ஷிக்கி; பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். முதல் கண்ணியில் பருவச்சொல் கட்டாயம். பருவத்தைப் பாடும் மரபு அதைவிடப் பழையது: 905 வாக்கில் அரச ஆணையால் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்ற கவிதை நூலின் இருபது பகுதிகளில் முதல் ஆறும் பருவப் பாடல்களே. பூ என்றால் செர்ரிப் பூ, நிலா என்றால் இலையுதிர்கால நிலா என்று வாசகருக்குச் சொல்லாமலே புரியும். பதினேழு அசை போதும் என்பது இந்தச் சொத்து இருப்பதால்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இந்தக் கவிதையின் பெருங்குரு பாஷோ. அவருடைய சீடர் போன்சோ, கியோட்டோ மருத்துவர். குவிந்த வெண்பனிமேல் இரவு மழை பெய்வதாகப் பின்னடிகள் அமைந்துவிட்டன, முதலடி வரவில்லை. ஆளாளுக்கு என்னென்னவோ வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பாஷோ வைத்தது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர்: ஷிமோக்யோ. நகரின் தென்பாதி, வியாபாரிகளும் கைவினைஞர்களும் நெருங்கி வாழ்ந்த இடம். அரண்மனையும் பிரபுக்களும் வடக்கே. அந்தப் பெயர் வந்ததும் ஒட்டி நிற்கும் கூரைகளும் உள்ளே எரியும் விளக்குகளும் பனியோடு வந்துவிடுகின்றன. போன்சோவுக்கு முழுத்திருப்தி இல்லை. இதைவிட நல்லது கிடைத்தால் இனிமேல் கவிதை பற்றி வாயே திறக்கமாட்டேன் என்றாராம் குரு. குறித்துவைத்தவர் இன்னொரு சீடர் கியோராய். 1691-இல் வெளியான சருமினோ தொகுப்பில் கவிதை போன்சோ பெயரில்தான் இருக்கிறது.

கவிதையைப் பலர் நடுவில் வைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜப்பானில் அசாஹி போன்ற பெரிய நாளிதழ்கள் இன்றும் வாரந்தோறும் வாசகர்களின் ஹைக்கூக்களை வெளியிடுகின்றன. கவிஞர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், தபாலட்டையில் எழுதி அனுப்புகிறவர்கள் சாதாரண ஜனங்கள்.

செர்ரிப் பூவை நீ கடன் வாங்க வேண்டாம். பார்க்காத பூ உன் கவிதையில் காகிதப் பூவாகத்தான் இருக்கும். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பெரும்பொழுதைத் தொல்காப்பியம் உனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அங்கிருந்து தொடங்கு. பின்னடிகளை மட்டும் எழுதி, முதலடியைக் காலியாக விட்டு, முகதாட்சணியம் பார்க்காத நாலு நண்பர்களிடம் கொடு. அவர்கள் வைப்பதோடு சண்டை போடு. தொகுப்பை அச்சுக்குக் கொடுப்பது அப்புறம் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்