சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் காப்பும்

சிறுநீர் கழிக்குங்கால் எரிவு, அடிக்கடி கழிக்கவேண்டுமென்னும் உந்தல், அடிவயிற்று நோவு என்பன சிறுநீர்ப்பைத் தொற்றின் அறிகுறிகளாம். இவற்றோடு குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும், விலாவின் பின்புற நோவும், வாந்தியும் தோன்றின், தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டதென ஐயுறல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிதலே நோய் நிர்ணயத்தின் முதற்படி.

பெரும்பாலும் இதற்குக் காரணமாவது, 1885இல் தியோடர் எஷரிக் விவரித்த குடல்வாழ் பற்றீரியாவே. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றரே நீளமுடையதாதலின், அவர்களை இந்நோய் எளிதிற் பற்றுகின்றது.

மருந்து தொடங்குமுன், இடைத்தாரைச் சிறுநீரைத் தூய கலத்தில் ஏந்திப் பரிசோதித்தல் நன்று. மில்லிலீற்றர் ஒன்றில் 1,00,000 பற்றீரியாக்கள் என்னும் எல்லையை 1956இல் எட்வேட் காஸ் வகுத்தார். எனினும், நோய்க்குறி உடையாரிடத்து இதனிற் குறைந்த தொகையும் தொற்றைக் குறிக்கலாம். குறியற்ற முதியோர்க்குப் பொதுவாக மருந்து வேண்டா. கர்ப்பிணிகளுக்கோ குறியில்லாவிடினும் சிகிச்சை அவசியமாகும்.

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைற்றோபியூரன்ரோயின் போன்ற மருந்து சில நாட்களுக்குப் போதும். அம்மருந்து சிறுநீரகத் திசுவிற் போதிய அளவு சேராமையால், சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது. அதற்கு வேறு மருந்து பெரும்பாலும் 7 முதல் 14 நாள்வரை தேவை. வாந்தி மிகுந்தோர்க்கு அதனை நாளத்தின் வழியே ஏற்றுவர்.

காய்ச்சல் தணிந்ததும் தாமாகவே மருந்தை நிறுத்துவோர்க்கு நோய் மீளக்கூடும். பழைய மருந்துச்சீட்டைக் காட்டி வாங்குவோரோ, மருந்துக்கு அடங்காக் கிருமிகள் பெருக வழிவகுக்கின்றனர். வைத்தியர் குறித்த நாளளவும் மருந்துண்பதே சிறுநீரகத்துக்குக் காப்பு.